வயிற்றில் பை வைத்த குழந்தை: நோய் குணமாகாது என்ற நிலையில் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? செவிலியர் செய்வது என்ன?

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை காலை எட்டரைக்குத் தொடங்கும். ஒரு ஷிஃப்ட் என்றால் மாலை ஐந்தரை. ஒன்றரை ஷிஃப்ட் என்றால் இரவு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். கணவன் ஓவர்லாக் மெஷினில், மனைவி செக்கிங்கில் என இருவரும் போனால்தான் வாடகையும் சீட்டுப் பணமும் கட்ட முடியும் என்று ஓடும் வீடுகள் இங்கே ஏராளம்.

அப்படி ஒரு வீட்டில், வயிற்றில் பை வைத்த குழந்தை இருந்தால்? அதுவும், 'நோய் இனி முழுசா குணமாகாது' என்று டாக்டர் சொல்லிவிட்ட குழந்தை என்றால்?

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை பையை நர்ஸ் மாற்றிவிடுவார். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி பை கசிந்து, பாய் நனைந்து, குழந்தை எரிச்சலில் அழும்போதுதான் தனக்கு இதை யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியவரும். நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது பாலியேட்டிவ் கேர் தரும் செவிலியரின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஆஸ்டமி என்றால் என்ன?

மலமோ சிறுநீரோ இயல்பான வழியில் வெளியேற முடியாதபோது, வயிற்றில் அறுவை சிகிச்சை மூலம் திறக்கப்படும் வழிதான் ஆஸ்டமி. வெளியே தெரியும் சிவந்த குடல் முனைக்கு ஸ்டோமா என்று பெயர். பெருங்குடலைத் திறந்தால் கொலோஸ்டமி. சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் திறந்தால் இலியோஸ்டமி. வாயால் சாப்பிட முடியாத குழந்தைக்கு உணவு செலுத்த இரைப்பையில் குழாய் வைப்பது கேஸ்ட்ரோஸ்டமி. மூச்சுக்காகக் கழுத்தில் போடும் டிரக்கியாஸ்டமியும் இந்த வகைதான் என்றாலும், அதன் பராமரிப்பு முற்றிலும் வேறு என்பதால் இங்கே அதற்குள் போகவில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்குப் போடப்படும் பெரும்பாலான ஸ்டோமாக்கள் தற்காலிகமானவை. ஆசனவாய் சரியாக உருவாகாமல் பிறப்பதும், குடலில் நரம்பு அணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயும் சுமார் 5,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வருபவை. இவர்களில் பலருக்கு முதலில் பை வைத்து, பிறகு முக்கிய அறுவை சிகிச்சை செய்து, சில மாதங்களில் ஸ்டோமாவை மூடிவிடுவார்கள். அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவார்கள், ஓடி விளையாடுவார்கள். பை என்றாலே கடைசிக் கட்டம் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கட்டுரை பேசுவது சிறிய, ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவைப் பற்றி. இடுப்புப் பகுதியில் வளர்ந்த புற்றுக்கட்டி குடலை அடைத்துவிட்ட குழந்தைகள், குடலின் பெரும்பகுதியை இழந்த குழந்தைகள், தீவிரமான நரம்பு, மூளை பாதிப்பால் விழுங்க முடியாத குழந்தைகள். இவர்களில் சிலருக்கு ஆஸ்டமி போடுவதன் நோக்கமே நோயைக் குணமாக்குவது அல்ல, அவதியைக் குறைப்பதுதான்.

'அப்போ கை விட்டுட்டாங்களா?'

"ஏனுங்க சிஸ்டர், எம் புள்ளைய கை விட்டுட்டாங்களா?" பாலியேட்டிவ் என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் மனதில் முதலில் எழும் கேள்வி இதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கப்படி, குழந்தைகளுக்கான நோய் ஆதரவு சிகிச்சை நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டியது. நோயைக் குறிவைத்துத் தரப்படும் சிகிச்சை நடந்தாலும், நின்றாலும் இது தொடரும். கீமோதெரபி ஒரு பக்கம், வலிக்கும் தோல் எரிச்சலுக்கும் தூக்கத்துக்குமான கவனிப்பு இன்னொரு பக்கம் என இரண்டும் சேர்ந்தே போகலாம். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 2.1 கோடி குழந்தைகளுக்கு இந்தக் கவனிப்பு தேவைப்படுவதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இருப்பது நம்மைப் போன்ற நாடுகளில்.

மாறுவது இலக்குதான். குணமாகப் போகும் குழந்தைக்கு எடை ஏற வேண்டும், மூடும் அறுவை சிகிச்சைக்கு உடம்பு தயாராக வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். இங்கே அந்தக் கணக்கு இல்லை. கசியாத பை, எரியாத தோல், நாற்றமில்லாத படுக்கை, அம்மா தயங்காமல் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் குழந்தை. செவிலியரின் வேலை இவ்வளவுதான். இதைச் செய்வது எளிதல்ல.

பை கசிந்தால் என்ன ஆகும்?

ஸ்டோமாவைத் தொட்டால் குழந்தைக்கு வலிக்காது. அதில் வலி உணரும் நரம்பு கிடையாது. ஈரமாக, சிவப்பாக இருப்பதுதான் ஆரோக்கியமான ஸ்டோமா. துடைக்கும்போது ஓரிரு சொட்டு ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். நீலமாகவோ கருப்பாகவோ மாறினால், திடீரென நீளமாக வெளியே தள்ளினால், வயிறு உப்பி பையில் எதுவுமே வராமல் வாந்தி எடுத்தால் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும்.

வலி எல்லாம் சுற்றியுள்ள தோலில்தான். குறிப்பாக இலியோஸ்டமியில் வருவது தண்ணீர் போன்ற கழிவு. உணவைச் செரிக்கும் நொதிகள் அதில் அப்படியே இருக்கும். சில மணி நேரம் தோலில் பட்டாலே வெந்து, உரிந்துவிடும். புண்ணான ஈரத் தோலில் புதுப் பையும் ஒட்டாது. ஒட்டாததால் மறுபடி கசியும். கசிவதால் புண் பெரிதாகும். வீட்டில் பார்க்கும் சிக்கல்களில் பல இந்தச் சுழற்சியில்தான் தொடங்குகின்றன.

அதனால் செவிலியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது: கசிந்த பையின் மேல் பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்காதீர்கள், கழற்றி மாற்றிவிடுங்கள். விலையை நினைத்து 'காலைல பாத்துக்கலாம்' என்று விட்டால், ஒரு ராத்திரியில் வந்த புண் ஆற ஒரு வாரம் ஆகும்.

மாற்றுவதற்கு நல்ல நேரம் காலையில் பால் கொடுக்கும் முன்பு. அப்போது கழிவு குறைவாக வரும். பழைய பையைப் பிய்த்து இழுக்காமல், ஈரத் துணியால் தோலை அழுத்திக்கொண்டே மெதுவாக உரிக்க வேண்டும். கழுவ வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். டெட்டால், சாவ்லான், பேபி வைப்ஸ், தேங்காய் எண்ணெய், முகப் பவுடர் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் தகடு ஒட்டாது, கிருமிநாசினி தோலை எரிக்கும். ஒற்றி எடுத்து நன்றாக உலரவிட்டு, ஒட்டும் தகட்டின் துளையை ஸ்டோமாவைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டி ஒட்ட வேண்டும். பெரிய துளை போட்டால் இடைவெளியில் உள்ள தோல் வெந்துபோகும். தகட்டை ஒட்டும் முன் உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்துச் சூடாக்கினால் நன்றாகப் பிடிக்கும். கட்டி வளரும்போதும் வயிறு வீங்கும்போதும் ஸ்டோமாவின் அளவு மாறும் என்பதால், ஆஸ்பத்திரியில் கொடுத்த அளவையே கடைசிவரை நம்பக் கூடாது.

பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிட வேண்டும். முழுக்க நிரம்பினால் எடை தாங்காமல் தகடு பிய்ந்துவிடும். காற்று நிறைந்து உப்பினாலும் இதே கதைதான். சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பை ஓரிரு நாள் நின்றாலே பெரிது.

லைன் வீட்டில் இதையெல்லாம் எப்படிச் செய்வது?

பாடப்புத்தகத்தில் உள்ள அறிவுரைகள் தனி பாத்ரூம் உள்ள வீட்டை நினைத்து எழுதப்பட்டவை. திருப்பூரில் காம்பவுண்டுக்குள் வரிசையாக வீடுகள், பொதுக் கழிப்பறை, சில நாட்களுக்கு ஒருமுறை வரும் நல்ல தண்ணீர் என்ற நிலையில்தான் பலரும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் செவிலியர் முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் வயிற்றைக்கூட அல்ல, தண்ணீர்க் குடமும் கழிப்பறையும் எங்கே இருக்கின்றன என்பதைத்தான்.

மூடியுள்ள ஒரு சின்ன பக்கெட்டில் பையைக் காலி செய்து, கழிப்பறையில் ஊற்றிவிடலாம். காலிப் பையைச் செய்தித்தாளில் சுற்றி, கவரில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். கழிப்பறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் காம்பவுண்டே சண்டைக்கு வரும். கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் வேண்டாம், குடிக்கும் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துச் சூடாக்கினால் போதும்.

இந்த ஊரில் பஞ்சமே இல்லாத ஒரு பொருள் பனியன் துணி. சாயம் போடாத வெள்ளைத் துணியை நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, கையளவு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொண்டால் ஒற்றி எடுக்க அதைவிட மென்மையான துணி கிடையாது. பை ஆடாமல் இருக்க, ரிப் துணியில் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டி தைத்துப் போடலாம். ஒரு விரல் தாராளமாக உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும், இறுக்கினால் கழிவு பக்கவாட்டில் கசியும். கையை விட்டுப் பையைப் பிய்க்கும் வயதில் உள்ள குழந்தைக்கு, முதுகுப் பக்கம் பட்டன் வைத்த ஒற்றை உடை தைத்துக் கொடுக்கலாம். பவர் டேபிளில் உட்காரும் அம்மாவுக்கு இது அரை மணி நேர வேலை.

பை வாங்கவே முடியாத நாட்களில், கொலோஸ்டமி உள்ள கைக்குழந்தைக்குத் தோலில் துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசி, மேலே துணி மடித்துக் கட்டிச் சமாளிக்கலாம், துணி நனைந்ததும் மாற்ற வேண்டும். ஆனால் மறுபடி பை ஒட்டும்போது களிம்பு முழுக்கப் போயிருக்க வேண்டும். இலியோஸ்டமிக்கு இந்த வழி சரிப்படாது.

ஒடிசா, பிகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கும் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் மொழி. எழுதிக் கொடுத்த காகிதத்தால் அங்கே பயனில்லை. செவிலியர் ஒருமுறை செய்து காட்டி, அடுத்த முறை அம்மாவைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் வழி. தமிழ் தெரிந்த குடும்பத்துக்கும் இதுவே நல்ல வழி. அம்மா ஒருவருக்கு மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு வருவதும் தவறு. அப்பாவோ, பாட்டியோ, பக்கத்து வீட்டு அக்காவோ இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அம்மா ஒருநாள்கூட நிம்மதியாகத் தூங்க முடியாது.

வலி மருந்தில் கவனிக்க வேண்டியது என்ன?

தோல் புண்ணாக இருக்கும்போது பை மாற்றுவது குழந்தைக்குச் சித்திரவதை. அதனால் மருத்துவர் சொன்ன வலி மருந்தைச் சுமார் அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிட்டு மாற்றத் தொடங்க வேண்டும்.

கடுமையான வலிக்கு வாய்வழி மார்ஃபின் தரப்படும். 'தூங்க வெச்சே கொன்னுடுவாங்களோ' என்ற பயம் பலருக்கு உண்டு. குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவர் மேற்பார்வையில், நேரம் தவறாமல் தரும் மார்ஃபின் வலியைக் குறைக்கும், உயிரைக் குறைக்காது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் இந்த மருந்து நோயாளிகளுக்கு எட்டாமலே இருந்தது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்துக்கொள்வது எளிதானது.

ஸ்டோமா உள்ள குழந்தைக்கு இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும். கொலோஸ்டமி இருந்தால் மலமிளக்கியும் சேர்த்தே வேண்டும், இலியோஸ்டமி இருந்தால் பெரும்பாலும் வேண்டாம். அடுத்தது, மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகள் இலியோஸ்டமியில் முழுதாகக் கரையாமல் பைக்குள் வந்து விழலாம். பையில் மாத்திரையைப் பார்த்தால் தூக்கிப் போட்டுவிடாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். குழந்தைக்கு ஏன் வலி குறையவில்லை என்பதற்கு அதுதான் பதிலாக இருக்கலாம்.

சாப்பாடு, தண்ணீர்?

வயிறு உப்பும், நாறும் என்று முட்டை, பருப்பு, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. குணமாகாத நோயில் இருக்கும் குழந்தைக்கு இப்படிப் பத்தியம் வைப்பதில் அர்த்தமில்லை. விழுங்க முடிகிறது, குடலில் அடைப்பு இல்லை என்றால் ஆசைப்பட்டதைக் கொடுக்கலாம். நாற்றம் கூடினால் பையை அடிக்கடி காலி செய்தால் போச்சு.

இலியோஸ்டமியில் பயப்பட வேண்டியது நீரிழப்புக்குத்தான். உடம்பின் உப்பும் தண்ணீரும் சேர்ந்து வெளியேறும். நாக்கு வறண்டு, கண் குழிந்து, சிறுநீர் குறைந்தால் ஓஆர்எஸ் கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரை அழைக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் கொடுப்பது உப்பை ஈடு செய்யாது.

கேஸ்ட்ரோஸ்டமி குழாய் உள்ள குழந்தைக்கு, உணவுக்கும் மருந்துக்கும் முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும். குழாய் கழன்று வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும், தாமதிக்கக் கூடாது.

குழந்தையிடம் என்ன சொல்வது?

மூன்று வயதுக் குழந்தைக்குப் பை என்பது தன் உடம்பில் வந்த புதுப் பொருள், அவ்வளவுதான். கட்பீஸ் துணியில் ஒரு பொம்மை செய்து, அதன் வயிற்றிலும் ஒரு பையை ஒட்டிக் கொடுத்தால், பொம்மைக்குப் பை மாற்றியபடியே தனக்கும் மாற்ற விடும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வேறு கவலைகள். யார் முன்னால் மாற்றுவது, நாற்றம் வருமா, நண்பன் வந்தால் என்ன சொல்வது. ஒரே அறை வீட்டில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டுவதுகூட அந்தப் பிள்ளைக்குப் பெரிய மரியாதை. துளை வெட்டுவது, கிளிப் போடுவது போன்ற வேலையை அவர்களிடமே விடலாம்.

பெரியவர்களின் முகத்தைக் குழந்தைகள் படித்துவிடுவார்கள். பையைத் திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஒரு மாமாவைப் பார்த்தால் போதும், அடுத்த நாளிலிருந்து யாரையும் பக்கத்தில் வர விடாது. இந்தப் பையின் கதையே அப்படி ஒரு கூச்சத்தில் தொடங்கியதுதான். டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற செவிலியரின் தங்கை தோரா, ஸ்டோமா போட்ட பிறகு கசிவுக்குப் பயந்து வெளியே போகவே தயங்கினார். தங்கைக்காக 1954-ல் எலிசே யோசித்ததுதான் உடம்பில் ஒட்டிக்கொள்ளும், பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடும் பை.

உதவி எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளது. இதற்கான செவிலியர் வீட்டுக்கே வருவார். பலரும் இது படுத்த படுக்கையான முதியவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். குழந்தை இருக்கும் வீட்டினரும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். சந்தேகத்துக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைக்குச் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பலர் நாடுகின்றனர். சம்பளம் மாதம் 21,000 ரூபாய் வரை என்று 2017 முதல் இருக்கும் வரம்புக்குள் இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படும் தொழிலாளியின் குழந்தைக்கும் இஎஸ்ஐ சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் இந்தக் காப்பீடு முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. வீட்டில் மாதாமாதம் தீரும் பைகள் தனிக் கணக்கு. வகையைப் பொறுத்து ஒரு பையே சில நூறு ரூபாய் வரை போகும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆஸ்டமி இல்லை என்பதால் அந்த வழியும் நேராகத் திறக்கவில்லை. பீஸ் ரேட்டில் வாழும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே எத்தனை பை தருவார்கள், தீர்ந்தால் எங்கே வாங்குவது, அளவு என்ன என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பக்கத்து மாநிலமான கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே நோயாளி வீட்டுக்குப் போகும் இயக்கமாக வளர்ந்து, 2008-ல் மாநில அரசின் கொள்கையாகவும் ஆனது. நாட்டிலேயே முதலில் அப்படி ஒரு கொள்கை வகுத்த மாநிலம் அதுதான்.

கடைசி நாட்களில் என்ன மாறும்?

குழந்தை சாப்பிடுவது குறையும்போது பையில் வருவதும் குறையும். அப்போது 'மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தணும்' என்ற கணக்கெல்லாம் தேவையில்லை. கசியாத பையை அப்படியே விட்டுவிடலாம். புரட்டினால் வலிக்கும் என்றால், வடியும் வாய் பக்கவாட்டில் வருவது போலப் பையைத் திருப்பி ஒட்டிவிட்டால் படுத்தபடியே காலி செய்யலாம். கட்டியிலிருந்து ரத்தம் வர வாய்ப்பிருந்தால் செவிலியர் முன்கூட்டியே சொல்லிவைப்பார். கருநீலம், அடர் பச்சை போன்ற நிறத்தில் துண்டுகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம், வெள்ளைத் துணியில் பரவும் சிவப்பைக் குழந்தையும் தாயும் பார்க்க வேண்டாம் என்பதே.

குழாயில் உணவு போகும் குழந்தைக்கு அளவைக் குறைக்க மருத்துவர் சொல்லும்போது, 'பட்டினி போடறதா?' என்று அம்மாக்கள் உடைந்துபோவார்கள். அடங்கிக்கொண்டிருக்கும் உடம்பு உணவை ஏற்காது, திணித்தால் வாந்தியும் மூச்சுத் திணறலும்தான் வரும். உதட்டை ஈரத் துணியால் நனைப்பது, ஒரு சொட்டு இளநீரை நாக்கில் தொட்டு வைப்பது, மடியில் வைத்துக்கொள்வது ஆகியவை அப்போது அம்மாவால் செய்ய முடிந்தவை.

குழந்தை போன பிறகும் ஸ்டோமாவிலிருந்து சிறிது கசியலாம் என்பதைக் குடும்பத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல் பார்த்தால் அதிர்ந்துவிடுவார்கள். பையைக் காலி செய்து, புதுப் பை ஒட்டியோ பஞ்சு வைத்து மூடியோ, பெற்றோர் விரும்பினால் அவர்கள் கையாலேயே குளிப்பாட்டி உடுத்திவிடலாம். மீதமுள்ள மார்ஃபினைக் கொடுத்த இடத்திலேயே கணக்குச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிரிக்காத பைகள் இருந்தால் செவிலியரிடம் சொன்னால், அதே அளவு தேவைப்படும் இன்னொரு குழந்தைக்கு அவர் எடுத்துப்போவார். சில வாரங்கள் கழித்து அதே வீட்டுக்கு, இந்த முறை அம்மாவைப் பார்க்க, அவர் இன்னொரு முறை வர வேண்டும்.